பூர்சாவில் விட்டுப்போன தாம்பாளம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு செப்புத் தாம்பாளத்தை விளக்கியது. கொலோன், 1988 ஏப்ரல். நான் இரசாயனக் கூடமொன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அமிலம் கொண்டுவரவா என்று கேட்டேன். "புளி காணும் பிள்ளை" என்றார்.

அப்பா ஜேசுரட்ணம், ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். அகதி வழக்கு முடியாததால் இங்கே வேலை செய்ய அனுமதியில்லை. மேல்மாடித் திருமதி பெஹாரின் கடைப்பைகளைத் தூக்கிக் கொடுப்பார். அவர் பதிலுக்கு அப்பாவின் ஜெர்மன் பேச்சைத் திருத்துவார். துருக்கியின் பூர்சாவில் பிறந்த யூதர், எண்பது வயது.

ஒருநாள் அவர் தாம்பாளத்தில் பழம் அனுப்பினார். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. அப்பா கோதுமை மாவில் சுட்ட சிப்பிப் பலகாரத்தை நிரப்பிக் கொண்டுபோனார். அது யூதர் புளித்த மாவை விலக்கும் பாஸ்கா வாரம்; அந்த மா அவர் வீட்டுக்குள் நுழையக்கூடாது.

"கிறிஸ்தவர்தானே, பைபிளில் இதைப் படிக்கவில்லையா?" என்று வாசலிலேயே மறித்துச் சிரித்தாராம். பிறகு, தட்டும் தன்னுடையதல்ல என்றார். 1915இல் ஒட்டோமன் அரசு ஆர்மீனியரைத் துரத்திய காலையில், எதிர்வீட்டு அகாவ்னி அதை அவருடைய தாயிடம் கொடுத்து, வந்து எடுப்பதாகச் சொல்லிப் போனாள். வரவில்லை.

அப்பா எதையும் கேட்காமல் விடமாட்டார். ஸ்பெயின் துரத்திய யூதரை ஒட்டோமன் சுல்தான் ஏற்றதன் ஐந்நூறாம் ஆண்டு நெருங்கியது. அதற்கான நினைவு மலருக்குத் திருமதி பெஹார் எழுதிய கட்டுரையை, அவர் வாசித்துக் காட்ட அப்பா கேட்டிருந்தார். அதில் சுல்தானின் கருணை இருந்தது, அகாவ்னி இல்லை. ஏன் என்றார்.

"என் தம்பி இன்னும் இஸ்தான்புல்லில் கடை வைத்திருக்கிறான். சுல்தான் ஏற்றதும் உண்மைதான். உங்கள் தமிழ்ச் சங்கத்தில் நீங்கள் எல்லாவற்றையும் பேசுகிறீர்களா?"

அப்பா பேசியதில்லை. எண்பத்தாறில் எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு இயக்கம் மற்ற இயக்கத்துப் பெடியளைச் சுட்டது. பெரியப்பா இன்னும் அந்த ஊரில்தான் குடியிருந்தார்.

அடுத்த நாள் திருமதி பெஹார் அப்பாவைக் கூப்பிட்டு, தாம்பாளத்தை இங்குள்ள ஆர்மீனியத் தேவாலயத்தில் ஒப்படைக்கச் சொன்னார். அகாவ்னியின் பெயரோடு தன் பெயரையும் சொல்லலாம் என்றார்.

"அச்சில போட ஏலாதாம் பிள்ளை" என்றார் அப்பா, புளியைத் தேய்த்தபடி. "ஆளிட்டைச் சொல்ல ஏலுமாம். ஞாயிற்றுக்கிழமை போறன்."

சனிக்கிழமை அவருடைய இதயம் நின்றது.

தாம்பாளத்தை மேலே கொண்டுபோனேன். திருமதி பெஹார் அழுதார், வாங்கவில்லை. அது எங்கள் குசினியில் அடுப்பருகே இருக்கிறது. தேவாலயத்துக்கு எந்த ட்ராம் என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.