சந்துக் கதவின் சாவி

நேற்று எங்கள் குடியிருப்பின் பின்கதவைக் காவலாளி சங்கிலி போட்டுப் பூட்டினார். அந்தச் சத்தம் என்னைக் காரைக்குடி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. அறுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது.

வீட்டை ஒட்டி எங்களுக்குச் சொந்தமான சந்து ஒன்று இருந்தது. பின்னால் இருந்த மூக்காயியின் மிளகாய்த் தோட்டத்துக்கு வண்டி போக அது ஒன்றுதான் வழி. அந்தத் தோட்டத்தை அப்பா விலைக்குக் கேட்டார். அவள் தரவில்லை. மறுவாரமே சந்துக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்.

ஒரு மத்தியானம் மூக்காயி அந்தக் கதவைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்குப் பின்னால் வண்டியில் அவள் புருஷன் ரத்தத்தோடு கிடந்தார்.

"தாயி, காளை வயித்துல முட்டிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். அப்பாகிட்டச் சாவி வாங்கியா தாயி!"

உள்ளே ஓடினேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நான் ஊர்ல இல்லைன்னு சொல்லு" என்றவர், ரசத்துக்குக் கையைக் குவித்தார்.

திரும்பிப் போய், "அப்பா ஊர்ல இல்லை. சாவியையும் கொண்டுக்கிட்டுப் போயிட்டாக" என்றேன். சாவியைப் பற்றி நானாகச் சேர்த்துச் சொன்னேன். உள்ளே வந்ததும் அப்பா, "கெட்டிக்காரி" என்று என் கன்னத்தைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூக்காயியின் புருஷனைக் கட்டிலில் கிடத்தி, கண்மாய்க்கரையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோட்டைத் தொடும் முன்பே உயிர் போய்விட்டது.

வழியில்லாத தோட்டத்தை வாங்க வேறு யாரும் வரவில்லை. மூக்காயி எங்களுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு மகள் ஊருக்குப் போனாள். அன்றைக்கே அப்பா கதவைக் கழற்றினார். பத்து வருஷம் கழித்து என் கல்யாணப் பந்தியை அந்தத் தோட்டத்தில்தான் போட்டார்கள். ஊரே அந்தச் சந்து வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது.