எல்லா முகவரியும் முகப்புக்கு

ஓர் இணையத்தளம் நன்றாக அமைந்தால் அதை வடிவமைத்தவரைப் புகழ்வார்கள்; பணம் கொடுத்தவரின் இலச்சினையை உச்சியில் ஒட்டுவார்கள்; அறுந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்துகிற பெண்ணை எவரும் குறிப்பிடுவதில்லை. யுத்தம் மறுபடி மூண்டபோது, மட்டக்களப்பு நகரத்து நிவாரண அலுவலகம் ஒன்றில் அந்தப் பெண் நான். இடம்பெயர்வில் காணாமற்போனவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் அமைப்பதே என் பணி. இதே தொழிலில் கண் கெட்டவர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்கள் வாசிப்பதற்குத் தடையில்லை.

முதல் இடம்

கரடியனாற்றிலிருந்து வந்து குருக்கள்மடத்து முகாமில் இருந்த தவமணி அக்கா, ஷெல் விழுந்த நாளில் தம்மைப் பிரிந்த மகள் யோகராணியின் படத்தைத் தந்தார். பக்கம் அமைத்தேன். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் தங்கள் தளங்களிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுத்தன. பிறர் தரும் இணைப்பைத் தேடுபொறி நற்சான்றாகக் கொள்ளும். ஆகவே பெயரையும் ஊரையும் இட்டுத் தேடினால் யோகராணியே முதலில் வந்தாள். அக்கா வாரந்தோறும் இரண்டு சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறி வந்து, அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவார்.

"எந்த ஊரில தேடினாலும் இவதானே புள்ள முன்னுக்கு நிற்பா?"

விருந்தோம்பல்

எங்கள் அலுவலகப் பணிப்பாளர் கொழும்பில் புதிய தளம் செய்வித்தார். பக்கங்களின் முகவரிகள் யாவும் மாறின. பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்துக்குத் திருப்ப வேண்டும் என்றேன். அவர் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் தளத்தின் முதற்பக்கமான முகப்புக்குத் திருப்பச் செய்தார். முகப்பில் இருந்தது அவருடைய வரவேற்புரை.

"வீட்டுக்கு வந்தவங்கள வாசல் படலையோட அனுப்புறதா தங்கச்சி? உள்ள கூப்பிட்டு இருத்துங்க. தேவையானத அவங்க கேட்பாங்க."

உயர்ந்த வருகை

ஒரு பக்கம் இல்லாமற்போனால் தேடுபொறி தளம் முழுவதையும் தண்டிப்பதில்லை. அந்தப் பக்கத்தைப் பட்டியலிலிருந்து நீக்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்கென்று பிறர் கொடுத்த நற்சான்றும் அத்துடன் வீணாகும். சம்பந்தமில்லாத முகப்பைக் காட்டித் தேடுபொறியை ஏமாற்றவும் இயலாது. புதிய முகவரியில் இருந்த யோகராணிக்கு எவருடைய இணைப்பும் இல்லை. ஒரு மாதத்துக்குள் தேடல் முடிவுகளின் பத்தாம் பக்கத்திலும் அவள் இல்லை. இதையெல்லாம் மூன்று தாள்களில் எழுதிக் கொடுத்தேன். பணிப்பாளர் வாசித்தார்.

"நீங்க சும்மா பயப்படுறீங்க. முகப்பைப் பார்க்கிற ஆக்கள் முந்தியவிடக் கூடித்தானே இருக்காங்க."

வழி

பாதை மூடியிருந்த அந்த மாதம் முழுதும் வரமுடியாதிருந்த அக்கா அடுத்த வாரம் வந்தார். தேடினேன், வரவில்லை. திரையில் மகள் வழமையாக நிற்கும் இடத்தில் விரலை வைத்து, "எடுத்துப்போட்டீங்களா புள்ள?" என்றார். பக்கம் பத்திரமாக இருக்கிறது, அதற்குப் போகும் வழிதான் அறுந்திருக்கிறது என்றேன்.

"கரடியனாத்தில எங்கட வீடும் அப்படித்தான் கிடக்கு. இருக்காம், போகத்தான் ஒண்ணாது."

கடிதம்

அனுமதி கேட்கவில்லை. மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்து உயிரோடிருந்த நேரங்களில் பழைய முகவரிகளை ஒவ்வொன்றாக அவற்றுக்குரிய பக்கங்களுக்குத் திருப்பினேன். சில சங்கங்கள் பயனற்ற இணைப்பென்று எங்களுடையதை நீக்கியிருந்தன. அவர்களுக்கு எழுதி மன்றாடினேன். யோகராணி மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள், பிறகு இரண்டாம் பக்கத்துக்கு.

அப்போது, அவளுடைய பக்கத்தைக் கண்டதாகத் திருகோணமலைக் கன்னியர் மடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. சில வாரங்களுக்கு முன் அவள் அங்கே நான்கு நாள் தங்கியிருக்கிறாள். தன்னை யாராவது தேடுகிறார்களா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறாள். தேடியபோது ஒன்றும் வரவில்லை. ஒரு சங்கத்தின் பழைய இணைப்பை அழுத்தியபோது வரவேற்புரை வந்தது. எவரும் எஞ்சவில்லை என்று எண்ணி, இந்தியாவுக்குப் படகேறப் புறப்பட்ட ஒரு குடும்பத்துடன் மன்னார்ப் பக்கம் போய்விட்டாள். எந்தக் குடும்பம் என்பது கன்னியருக்குத் தெரியாது. அக்காவுக்கு அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

"அப்ப அவ உசிரோட இருந்திருக்கா. நான்தான் செத்துப்போனன் எண்டு நினைச்சுப் போயிருக்கா."

அனுமதியின்றி முகவரிகளைத் திருத்திய குற்றத்துக்காக அலுவலகம் என்னை நீக்கியது. இப்போது வந்தாறுமூலையில் இணையத்தள வடிவமைப்புக் கற்பிக்கிறேன், பாடத்திட்டத்தில் அறுந்த இணைப்புகளுக்கு ஒரு மணிநேரமும் ஒதுக்கப்படவில்லை.