இருபத்தேழாம் நம்பரின் குரல்

எங்கள் தெருவில் அவரைக் கத்திரியம்மா என்றுதான் சொல்வோம். பேர் வைத்தவன் நான்தான். சட்டைக் கம்பெனியில் அவருக்குப் பிசிறு வெட்டும் வேலை. தைத்து வரும் சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் குட்டிக் கத்திரியால் நறுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. எதிரே நிற்கிறவர் காலரில் நூல் தெரிந்தால் வெட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"அத்தை, மூக்கு பத்திரம்!" என்று நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

"உன் வாயைத்தான்டா முதல்ல வெட்டணும், ரேடியோ."

ரேடியோ என்பது நான். யார் குரலிலும் பேசுவேன். படிப்பு ஏறவில்லை, இது ஏறியது.

அவருடைய ஒரே மகள் என் வகுப்பு. வருகைப் பதிவேட்டில் இருபத்தேழாம் நம்பர். அப்பா இல்லை, அம்மா ஏழரைக்கே வேலைக்குப் போய்விடுவார். தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவிவிட்டு வர அவளுக்கு எப்போதும் நேரமாகிவிடும். டீச்சர் குனிந்தபடியே நம்பர் கூப்பிடுவார். அறுபத்திரண்டு பேர், அவரும் என்ன செய்வார்? "இருபத்தேழு" என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து நான் அவள் குரலிலேயே கொஞ்சம் இழுத்து, "உள்ளேன் டீச்சர்" என்பேன். பத்து நிமிஷத்தில் அவள் பின்வாசல் வழியாக நழுவி வந்து எனக்கு நாக்கைத் துருத்துவாள். அதுதான் என் சம்பளம்.

ஒரு திங்கட்கிழமை அப்படித்தான் சொன்னேன். அவள் வரவேயில்லை.

அன்று சாயங்காலம் கத்திரியம்மா போலீசுக்கு ஓடினார். அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார்கள். வந்திருக்கிறாள் என்றது பதிவேடு. அதனால் நாலு மணிக்கு மேல் கிளம்பிய பஸ்களையே தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பயத்தில் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஊர் வாயெல்லாம் எனக்கு வரும், என் வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் அவர் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. விழுந்திருக்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். அதன் பிறகுதான் காலை பஸ் கண்டக்டரை விசாரித்தார்கள்.

"யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு அழுதுட்டே வந்துச்சு சார். அதோட அம்மாவுக்கு அடிபட்டிருக்குன்னு கூட வந்த பொம்பளை சொன்னா. ரெண்டு பேரும் ரயிலடியில இறங்கினாங்க."

கூட வந்தவள், கம்பெனியில் கத்திரியம்மாவுக்குப் பக்கத்து மேஜை. அவளும் திங்கட்கிழமையோடு வேலைக்கு வராமல் நின்றுவிட்டாள். ரயிலடிக்கு அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

ஒரு மாதம் கழித்து கத்திரியம்மா என்னைக் கூப்பிட்டார். "அன்னிக்கு எப்படிடா சொன்ன? சொல்லிக் காட்டு."

சொன்னேன். கையில் இருந்த கத்திரி நின்றது. அவருடைய போனில் மகளின் படம் பதினாலு இருக்கிறது. குரல் ஒன்றுகூட இல்லை.

இப்போது நாங்கள் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் சனிக்கிழமைதோறும் வேறு வேறு பள்ளிகளில் நாடகம் போடுகிறோம். என் திருட்டுத்தனத்தை நானே நடிக்கிறேன். முடிந்ததும், அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் கத்திரியம்மா மைக்கைப் பிடிப்பார்.

"கூட்டிட்டுப் போனவ யாரோ இல்ல கண்ணுங்களா. என்கூட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டவ. அம்மா கூப்பிடுறாங்கன்னு யார் சொன்னாலும் போகாதீங்க. பக்கத்து இடம் காலியா இருந்தா உடனே டீச்சர்கிட்ட சொல்லுங்க. அது கோள் சொல்றது இல்ல."

ஒரு பள்ளியில் ஒரு பிள்ளை அப்படியே சொல்லி, டீச்சர் போன் போட்டு, ஒரு பையனை பஸ் ஸ்டாண்டிலேயே மீட்டார்கள். அவரிடம் சொன்னோம். "நல்லா இருக்கட்டும்" என்றார்.

நாடகத்தில் என் முறை வரும்போது மட்டும் முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொள்வார். நானும் அந்த இரண்டு வார்த்தையை அவசரப்படாமல் சொல்வேன்.

போன சனிக்கிழமை, "இருபத்தேழு" என்றார்கள். வாயைத் திறந்தேன். தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம், அதன் அடியில் யாரோ ஒரு ஆம்பிளைக் குரல். பிள்ளைகள் சிரித்தார்கள். கத்திரியம்மா கண்ணைத் திறந்தார்.

வெளியே வந்ததும் என் காலரில் ஒரு நூலைத் தேடிப் பிடித்து வெட்டினார்.

"தொண்டை கட்டியிருக்கு, அதான். சளியா?"

எனக்குப் பதினைந்து வயது. மேலுதட்டில் மீசை அரும்பியிருப்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"ஆமா அத்தை, சளிதான்."

"அடுத்த வாரம் சரியாயிடும்" என்றார்.

இன்று ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீர் கொண்டுவந்திருக்கிறார். மேடைக்குப் பின்னால் நின்று, நாக்கு பொசுங்கப் பொசுங்க முழுவதையும் குடித்துக்கொண்டிருக்கிறேன்.