அஜந்தாவின் அளவு

கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருடம், கச்சான் காற்று அனலாய் வீசிய ஆவணி விடுமுறையில் மேனுகாவுக்குப் பதின்மூன்று வயது. வாவிக்கரைத் தகரக் கொட்டில்களில் அவள் குடும்பமும் இருந்தது. சற்றுத் தள்ளி சீதேவிப்பிள்ளை தனியே இருந்தாள். அவளுடைய ஒரே மகள் அஜந்தா, மேனுகாவின் உயிர்த்தோழி. அலை கொண்டுபோனவளின் உடல் கிடைக்கவேயில்லை.

அதனால் சீதேவிப்பிள்ளை கிரியை எதுவும் செய்யவில்லை. நிவாரணமாகக் கிடைத்த தையல் மெசினில் மகளுக்குச் சட்டை தைத்தாள். போட்டுப் பார்க்க மேனுகாவைக் கூப்பிட்டாள். மேனுகா விருப்பத்தோடுதான் போனாள். தோழியைப் பற்றிப் பேச அங்கே வேறு யார் இருந்தார்கள்? சீதேவிப்பிள்ளை தலைவாரிவிட்டாள், சோறு தந்தாள். ஒருநாள் வாய் தவறி அஜந்தா என்றாள். பாவமாயிருக்கவே மேனுகாவும் ஓம் அம்மா என்று சொல்லிவைத்தாள். அதற்குப் பிறகு சீதேவிப்பிள்ளை அவளை வேறு பெயரால் கூப்பிடவேயில்லை.

சட்டைகள் அஜந்தாவின் ஒடிசலான உடம்புக்குத் தைத்தவை. மேனுகாவுக்கு இறுகின. அவள் இரவுச் சோற்றைக் குறைத்தாள். ஏனென்று அவளுக்கே தெரியாது. விடுமுறை முடியுமுன் சட்டை அளவாக இருந்தது.

ஒரு பின்னேரம் வாவிக்கரையில் நின்றவளைப் பெற்ற தாய் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. ஓடிப்போய்த் தோளைத் தொட்டதும், முன்பின் தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.  இனிச் சீதேவிப்பிள்ளையின் கொட்டிலுக்குப் போகவே கூடாதென்று தாய் சொன்னாள். மேனுகா போனாள்.

அங்கேதான் அவள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாள். சீதேவிப்பிள்ளை வாசலுக்கு வந்து, தன் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், மாமிமார் தண்ணீர் வார்க்க வாருங்கள் என்று முகமெல்லாம் சிரிப்பாய் அழைத்தாள். கூடிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேனுகாவின் தாய் அழுதுகொண்டு நின்றாள்.

உள்ளே குந்தியிருந்த மேனுகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அஜந்தாவுக்கு இது ஒருநாளும் வராது.

"மாமி," என்றாள். அந்தச் சொல் அவள் வாயில் வந்து வெகுநாளாயிற்று. "இது எனக்குத்தான் வந்தது. அஜந்தாவுக்கில்ல. அவள அலை இழுத்துக்கொண்டு போனத நான் மரத்தில இருந்து கண்டனான்."

சீதேவிப்பிள்ளை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தம் போட்டவளா, புள்ள?" என்று கேட்டாள்.

"ஓம் மாமி. உங்களத்தான் கூப்பிட்டவள்."

கடல் வந்த பிறகு சீதேவிப்பிள்ளை அழுதது அன்றுதான். அவள் அழுது ஓய்ந்ததும், மேனுகாவின் தாய் தண்ணீர்க் குடத்தை அவள் கையிலேயே கொடுத்தாள். மாமி முறையாக நின்று முதல் தண்ணீரை அவளே வார்த்தாள்.

மேனுகா பிறகு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, இப்போது வெல்லாவெளிப் பக்கம் ஆசிரியை. யுத்தம் முடிந்த வருடமே சீதேவிப்பிள்ளை பழைய கடற்கரைக் காணிக்குத் திரும்பிப் போய்விட்டாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாவியைப் பார்த்து வாசல் வைக்க, அவள் மட்டும் கடலைப் பார்த்து வைத்தாள். இரவில் கதவைத் தாழிடுவதில்லை. விடுமுறைக்கு அங்கே போய்த் தங்கும் மேனுகாவும் தாழிடச் சொல்வதில்லை.