கண்காட்சிக்குப் போன மேளம்

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம், இரத்தினபுரியில் ஒரு கலை மண்டபத்திலிருந்து ஒரு நோனா, சிங்களத்து அம்மா, எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். மாகாணத்துக் கலைஞர்களின் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். சித்திரம் வரைகிறவர்கள், முகமூடி செதுக்குகிறவர்கள், பாய் பின்னுகிறவர்கள் எல்லோரும் தங்கள் பொருட்களைக் கொடுத்துவிட்டார்கள், தோட்டத்து ஆட்களிடமிருந்துதான் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். யாரோ லயத்து வரிசையில் எங்கள் வீட்டைக் கைகாட்ட, வாசலில் வந்து நின்றார். அப்பா கூரை இடுக்கில் செருகியிருந்த தப்பு மேளத்தை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார். மரவளையம் செதுக்கி, தோல் இழுத்து அவரே செய்த மேளம். நோனா ஒரு சீட்டு எழுதித் தந்தார். அதை அப்பா சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார்.

அந்த மேளத்தை எனக்குப் பிடிக்காது. தோட்டத்தில் யார் செத்தாலும் அப்பாதான் அடிப்பார். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடுவதால் நான் பஸ் ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். இரண்டு வாரத்துக்குள் அப்பாவின் மேளம் வகுப்புக்குத் தெரிந்துவிட்டது. நான் கதவைத் தாண்டியதும் மேசைகளில் விரல்கள் தாளம் போடத் தொடங்கும்.

"டேய், எங்க தாத்தா இன்னும் சாகலடா. அதுக்குள்ள வந்துட்டியா?" என்பான் நகைக்கடைக்காரர் மகன்.

வகுப்பே சிரிக்கும். கடைசி வாங்கில் என் பக்கத்து இடம் வருடம் முழுக்கக் காலியாகவே கிடந்தது. அதனால் புத்தகப் பையை வைக்க எனக்கு மட்டும் தாராளமாக இடமிருந்தது. மத்தியானச் சோற்றை வேலியோரம் போய்ப் பிரிப்பேன்.

கண்காட்சி தொடங்கிய அன்று அப்பா என்னையும் அழைத்துப்போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளைத் துணி விரித்து மேளத்தை வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் அட்டை.

"என்னடா எழுதியிருக்கு?"

"ஒங்க பேருப்பா."

"அதுக்குக் கீழ?"

"கலைஞர்னு போட்டிருக்கு."

அப்பா சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போவதாக டீச்சர் சொன்னார். நான் நாட்களை எண்ணத் தொடங்கினேன். அவர்கள் அந்த அட்டையைப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டு நாள் இருக்கும்போது, புதன்கிழமை விடியற்காலை, பெரியப்பா செத்துப்போனார். அப்பாவுக்கு ஒரே அண்ணன், லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பிராவில் குடியிருந்தவர். மறுநாள் மத்தியானம் அடக்கம் என்று முடிவானது. பக்கத்துத் தோட்டத்து மேளக்காரர்கள் ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். அப்பா சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சீட்டை எடுத்தார். சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. எழுத்துத்தான் எந்த மொழியிலும் தெரியாது.

"தம்பி, இதை வாசி. இப்பக் கேட்டா மேளத்தத் தருவாங்களான்னு பாரு. காலைல மொத பஸ்ஸப் புடிச்சா அடக்கத்துக்குள்ள கொண்டாந்துரலாம்."

மூன்றே வரிகள். பொருளின் சொந்தக்காரர் இந்தச் சீட்டைக் காட்டி எந்த நாளிலும் பொருளைத் திரும்பப் பெறலாம் என்றது இரண்டாவது வரி. பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் அதற்குத் தாராளமாகப் போதும். நான் இரண்டாம் முறையும் வாசிப்பதுபோல் கண்ணை ஓட்டினேன். பெரியப்பாவுக்கு இனி எதுவும் கேட்கப்போவதில்லை, வகுப்புப் பிள்ளைகளோ நாளை மறுநாள் வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை கண்காட்சி முடிஞ்ச பொறகுதான் தருவாங்களாம்" என்றேன்.

"அப்பிடியா எழுதியிருக்கு?"

"ஆமாப்பா."

அப்பா சீட்டை வாங்கி, இருந்த மடிப்பிலேயே மடித்தார்.

அடக்கத்தன்று மழை தூறியது. பெட்டியைத் தூக்கும்போது பெரியம்மா அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் அடிச்சீங்களே தம்பி, எங்க மனுசனுக்கு இல்லாமப் போச்சே!"

"கெவுர்மெண்டு சீட்டு மதினி. நாயித்துக்கிழம வரைக்கும் எடுக்க முடியாதாம். நம்ம பய வாசிச்சுப் பாத்துட்டான்."

அவ்வளவு துக்கத்திலும் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. நான் வாழை மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கும் பாதை செங்குத்தானது. மேளம் இருந்தால் அதன் அடிக்குக் கால் வைத்து இறங்குவார்கள். அன்று தூக்கியவர்களின் கால்கள் ஒத்துப்போகவில்லை, பெட்டி இரண்டு தரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "மெதுவா, மெதுவா" என்ற சத்தமும் சேற்றிலிருந்து செருப்புகளைப் பிடுங்கும் சத்தமும்தான் கேட்டன. அப்பா எல்லோருக்கும் முன்னால், வழக்கமாக நடக்கிற இடத்தில், கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர்போல் நடந்தார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பு கண்காட்சிக்குப் போனது. நகைக்கடைக்காரர் மகன் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அட்டையை வாசித்தான். நான் பக்கத்தில் நின்றேன்.

"டேய், மேளம் பொட்டிக்குள்ள படுத்திருக்கு பாரு. அதுவும் செத்துப்போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு முகமூடிகளைப் பார்க்க ஓடிவிட்டார்கள். மொத்தம் அரை நிமிடம் இருக்கும். கூடத்தின் அந்த மூலையில் நானும் மேளமும் மட்டும் நின்றோம். டீச்சர் வந்து, "வரிசையை விட்டு ஏன் நிக்கிறே?" என்று அதட்டி இழுத்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை மேளத்தை எடுத்துவர அப்பாவோடு போனேன். நோனா அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று சிங்களத்தில் விசாரித்தார். அண்ணன் இறந்துவிட்டார் என்றார் அப்பா.

"ஐயோ, அப்படியானால் அன்றைக்கே வந்து மேளத்தைக் கொண்டுபோயிருக்கலாமே! எந்த நாளிலும் எடுக்கலாம் என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறதே" என்றபடி, அப்பாவின் கையிலிருந்த சீட்டை விரித்து, விரல் வைத்து அந்த வரியை உரக்க வாசித்தும் காட்டினார்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. சீட்டில் விரல் இருந்த இடத்தையே சற்று நேரம் பார்த்தார்.

"மறந்துபோச்சு நோனா" என்றார் சிங்களத்தில். "சாவு வீடு இல்லையா. ஒண்ணும் ஞாபகம் இல்ல."

பஸ்ஸில் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். வழியில் இறங்கி பேக்கரியில் எனக்கு ஒரு பனிஸும் வாங்கித் தந்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. தப்பித்துவிட்டேன் என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்குக் கடிதமோ துண்டுத்தாளோ எது வந்தாலும், அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்திக் கடை முதலாளியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவர ஒன்றரை மைல் இறங்கிப் போனார். நான் வாசலிலேயே புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று போகிறார்போலும் என்று எண்ணிக்கொள்வேன்.