சடையாண்டி நடந்து காட்டியது

வேடசந்தூர் மில் ஃபிட்டர் சடையாண்டிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறையை அரிக்கும் நோய், அதிலும் முற்றிக்கொண்டே போகும் வகை. இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் மதுரையில் ஒரு புது மருந்தைச் சோதிப்பதாகக் கேள்விப்பட்டு, மனைவி கௌசல்யாவோடு போய்ப் பெயர் கொடுத்தான்.

டாக்டர் தேவதர்ஷினி விளக்கினார். உடம்பில் சில செல்கள் வயதான பிறகும் சாகாமல், வேலையும் செய்யாமல், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அவற்றை அகற்றுவதுதான் இந்த மருந்து. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது.

"மூணு வருசமா மில்லுல நானும் அப்படித்தான் ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கேன். மருந்து என்னையவே வெளிய தள்ளிராதுல்ல?" என்றான் சடையாண்டி.

மாத்திரை தொடங்குமுன் நடையின் வேகத்தை அளந்தார்கள். அங்கேதான் நம் ஆள் கோட்டை விட்டான். மில்லுக்கு ஆடிட் வந்தால், தேய்ந்த மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, அன்று ஒரு நாள் புதுசு போல ஓட்டிக் காட்டுவதில் அவன் சூரன். அதே புத்தி இங்கேயும் வேலை செய்தது. இரண்டு நாள் காலுக்கு முழு ஓய்வு கொடுத்துவிட்டு, சலவை வேட்டி கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாப்பிள்ளை நடை நடந்தான். பிறகு கழிப்பறையில் சுருண்டு விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். மருந்து என்ன செய்திருக்கிறது என்று அறியும் ஆசையில், இம்முறை வேஷமில்லாமல் உள்ளபடி நடந்தான். டாக்டரின் முகம் வாடியது.

"முதல் தடவை இதைவிட வேகமா நடந்தீங்களே."

"அது ஆடிட்டுக்கு நடந்தது டாக்டர். இதான் நெசம்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். முதல் அளவே பொய் என்றால், இனி மருந்து பலித்திருந்தாலும் தெரியாது. கால் நிலைக்குமா என்று ஆறு மாதமாகத் தவித்தவன், அந்தப் பதிலைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுல எப்படி நடக்கிறார்? நீங்களாவது சொல்லுங்கம்மா."

"எனக்கு எங்க தெரியும்?" என்றாள் கௌசல்யா. "நான் பாக்கையில நல்லாத்தான் நடக்குறாரு. அடுப்படிக்குத் திரும்புனா, செவுத்துல தொப்புன்னு சாயிற சத்தம் மட்டும் கேக்கும்."

சடையாண்டியை வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டிலும் ஓட்டிக் காட்டியிருக்கிறான். ஏமாந்தது அவன் ஒருவன்தான்.

வெளியே வந்தால் கைப்பிடி இல்லாத படிகள். இடது காலை நீட்டிப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டான்.

"கௌசல்யா, என்னால எறங்க முடியல. பிடிச்சுக்க."

அவள் தோளைக் கொடுத்தாள். அவன் முழுப் பாரத்தையும் போட்டான். அவள் ஒரு கணம் தடுமாறி நின்றாள்.

"இம்புட்டுக் கனத்தையும் ஒத்தையாவா சொமந்தீக?" என்றாள்.