தாழ்ப்பாள் இல்லாத அறை

கல்லூரி விடுதிக் கண்டிப்புப் பிடிக்காமல், நண்பர்கள் சேர்ந்து திருச்செங்கோட்டில் ஒரு பழைய தறிக்கூடத்தைத் தடுத்துக் கட்டிய வாடகை அறைக்கு மாறினோம். கேட்க ஆளில்லை, சனிக்கிழமைக் குடி தினக்குடியானது.

வீட்டுக்காரர் ஒல்லியானவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, எப்போதும் உரக்கப் பேசுவார். எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் வைக்கவில்லை. படுக்கப் போகுமுன் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்ப்பார். குடித்து மல்லாந்து கிடப்பவனை ஒருக்களிக்க வைத்து, முதுகுக்குத் துணிச்சுருட்டை அண்டக் கொடுப்பார்.

"மல்லாக்கக் கெடந்தா வாந்தி மூச்ச அடைச்சுரும் சாமி. உங்க ரூம்லதான் முன்னால ஒரு பையன் தாழ்ப்பாளப் போட்டுட்டு அப்படிப் போயிட்டான்."

பொங்கல் விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் தனியாகக் குடித்தேன். விடிந்து விழித்தபோது ஒருக்களித்துக் கிடந்தேன். பாயெல்லாம் வாந்தி. முதுகில் துணிச்சுருட்டு.

வெளியே வந்தேன். வீட்டுக்காரர் கையில் பையோடு வாசலில் நின்றிருந்தார்.

"நேத்து நீங்க வரலைன்னா நான் செத்திருப்பேனுங்க."

"நானா? ஆத்தூர்ல மக ஊட்டுலயிருந்து இப்பத்தானுங்க வாரேன்."

துணிச்சுருட்டைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் அறைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றுதான் அவர் மெல்லப் பேசிக் கேட்டேன்.

"அவன் நல்ல பையனுங்க."